தொந்தரவு ஏதும் இல்லை

பிப்ரவரி 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம் கொடுத்தார்கள். தினமும் மாத்திரை போட்ட நேரத்தையும், உடம்பில் ஏதாவது தொந்தரவு இருந்தால் அதையும் எழுத வேண்டுமாம். ஒரு தேதிக்கு ஒரு வரி இடம். முப்பத்தோரு வருஷம் பக்கம் பக்கமாகப் பத்திரம் எழுதியவனுக்கு ஒரு வரி எந்த மூலைக்கு? முத்திரைத்தாள் விற்கும் நண்பர் கொடுத்த டைரி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. மிச்சத்தை இதில் எழுதிக்கொள்கிறேன்.

முறைப்படி ஆரம்பிப்போம். எழுதுபவர் ஏகாம்பரநாதன், வயது ஐம்பத்தெட்டு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் பத்திரம் எழுதுபவர். மனைவி மங்கையர்க்கரசி. ஒரே மகள் தேன்மொழி. நோய், இடது கன்னத்தின் உள்பக்கம் புற்று. காரணம், அதே இடத்தில் இருபத்தைந்து வருஷம் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு எழுதியது. யாரும் திணிக்கவில்லை. முழு சுயநினைவோடு, பிறர் தூண்டுதல் இன்றி, நானே மனப்பூர்வமாக வைத்தது.

கரண்ட் வைத்தியம் என்கிற கதிர்வீச்சு முடிந்து நாலு மாதத்தில் கட்டி மறுபடி தலைகாட்டியது. வாயில் இரண்டு விரல்தான் நுழையும். இப்போது புது மாத்திரை ஒன்றை வைத்து ஆராய்ச்சி நடக்கிறதாம், நாற்பது பேரில் நானும் ஒருவன். டாக்டர் ஹேமலதாவுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். பொறுமையாக விளக்கினார்.

"வளரு வளருன்னு உத்தரவு குடுக்குற ஒரு பொருள் நம்ம உடம்புலயே இருக்கு சார். காயம் ஆறுறது, புதுத் தோல் வர்றது எல்லாம் அதாலதான். அதை வாங்கிக்க ஒவ்வொரு செல் மேலயும் ஒரு இடம் இருக்கும். உங்க கட்டியில அந்த இடம் அளவுக்கு மீறி இருக்கு. ஓயாம உத்தரவு வாங்கிக்கிட்டே இருக்கு. இந்த மாத்திரை அதை உள்ள போகவிடாம நிறுத்தும்."

"கோர்ட்டுல வாங்குற ஸ்டே மாதிரி."

"அதேதான் சார்" என்று சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், கன்னம் இழுத்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

காலை 6.00 மாத்திரை. மிக்ஸியில் அடித்த சாம்பார் சாதம். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 14, சனி

மூக்கின் மேலும் நெற்றியிலும் பரு. பதினெட்டு வயதில்கூட எனக்கு இப்படி வந்ததில்லை. சீழ் கோத்து, சிவந்து, தொட்டால் எரிகிறது. கிரயப் பத்திரம் எழுத வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். தொற்றிக்கொள்ளும் என்று நினைத்திருப்பார். வெட்கமாக இருந்தது. மூலப் பத்திரத்தைத் தன் மகனிடம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லி எழுந்து போனவர் திரும்ப வரவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

முகத்தைக் காட்டி நான் புலம்ப, டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கட்டியை அடக்குகிற அதே தடை தோலுக்கும் பொருந்துமாம், அதனால்தான் பரு. "மருந்து உள்ள போய் வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார். கட்டி நாலு மில்லிமீட்டர் சுருங்கியிருக்கு." களிம்பு எழுதிக் கொடுத்தார்.

மருந்து வாங்கும் வரிசையில் ஒரு பெண்மணி என் மஞ்சள் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பெயர் அஞ்சலாட்சி, களையெடுக்கப் போகிறவள். அவளுக்கும் கன்னத்தில்தான், அவளும் இதே மாத்திரைதான், அவளுடைய புத்தகம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"எழுதத் தெரியாது சாரு. பேத்திதான் எழுதும், அது ஆஸ்டல் பூடுச்சி. உங்க எழுத்து அச்சு கணக்கா இருக்குதே."

பாராட்டுக்கு மயங்காத பத்திர எழுத்தர் உண்டா? வாங்கி எழுதினேன். "மாத்திரை காலை 6.00. தொந்தரவு ஏதும் இல்லை." பதினாலு வரியும் ஒரே சீராக விழுந்தன. மறுபடி நான் வந்து எழுதும்வரை சிரமப்படக் கூடாதே என்று அடுத்த பதினாலு நாளுக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். சிஸ்டர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான புத்தகம் வேறு யாருடையதும் இல்லை என்று அவளைப் பாராட்டினாராம். ஓடி வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 23, திங்கள்

தேன்மொழிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். நிச்சயதார்த்தம் மார்ச் எட்டு, ஞாயிறு. அவர்களிடம் மங்கை ஏற்கெனவே, எனக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து ஆபரேஷன் ஆனது என்று சொல்லி வைத்திருக்கிறாள். கன்னத்துக்கு அது போதும். பருவுக்கு என்ன சொல்வது? சம்பந்தி அம்மாள் என் முகத்தைப் பார்ப்பதும் காப்பியைப் பார்ப்பதுமாக இருந்தார். காப்பியைக் குடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு தேன்மொழி கேட்டாள். "அப்பா, டாக்டர்கிட்ட கேட்டு அன்னிக்கு மட்டும் இது கொறையற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?" கேட்டுவிட்டு உடனே, "வேணாம்பா, சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

பிப்ரவரி 26, வியாழன்

இன்று மாத்திரை போடவில்லை. ஒரு நாள்தானே. மஞ்சள் புத்தகத்தில் 6.00 என்று எழுதிவிட்டேன், வரிசை விட்டால் பார்க்க நன்றாக இருக்காது.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்றும்.

மார்ச் 2, திங்கள்

மங்கை தினமும் சோற்றுக் கற்றாழை தடவுகிறாள். "பாத்தீங்களா, எப்படி அமுங்குது! டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்." எதிர்வீட்டுக்காரிக்கும் மடல் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். நான் ஆமாம் போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரி. டாக்டர் கட்டியை அளந்தார், இன்னொரு தரமும் அளந்தார். கட்டி இம்மிகூடச் சுருங்கவில்லை. முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பருவெல்லாம் மறைஞ்சிருச்சே. ஒருநாள் கூட விடலையே சார்?"

"விடலை."

புத்தகத்தைப் பார்த்தார். வரி பிசகாமல் 6.00, 6.00, 6.00. "அப்ப உங்க உடம்புக்கு இந்த அளவு போதலையோ என்னவோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பாவம், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார்.

வெளியே அஞ்சலாட்சி. இளைத்திருந்தாள், ஆனால் கன்னம் நன்றாக வற்றியிருந்தது.

"சாரு, வவுத்தால போவுது சாரு. ஒரு நாளிக்கு ஏழு வாட்டி எட்டு வாட்டி. எந்திரிச்சா கண்ணு இருட்டுது. இத எழுதணுமில்ல?"

"எழுதினா பேரை அடிச்சிடுவாங்கம்மா. மாத்திரை நின்னுடும். கட்டி கரையுதா இல்லையா?"

"கரையுது சாரு. ரெண்டு வருசங்கழிச்சு இப்பத்தான் காரம் திங்கிறேன்."

"அப்புறம் என்ன? வெந்தயத்த மோருல போட்டுக் குடி. தானா நிக்கும். டாக்டர் கேட்டாலும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லு."

அடுத்த பதினாலு நாளுக்கும் எழுதிக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 8, ஞாயிறு

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. லக்னப் பத்திரிகையை நானே எழுதி நானே வாசித்தேன். வாய் திறக்காத குறையை நிதானமாக வாசித்து மறைத்தேன். சம்பந்தி, "பல்லு வலியெல்லாம் தேவலையா?" என்று கேட்டார். தேவலை என்றேன். போட்டோவில் என் முகம் கண்ணாடிபோல் வந்திருக்கிறது. கல்யாணம் ஆவணியில்.

தேன்மொழி என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

காலை 6.00 மாத்திரை. உண்மையாகவே.

மார்ச் 19, வியாழன்

வரிசையில் அஞ்சலாட்சி இல்லை. சிஸ்டரிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை வயல் வரப்பில் மயங்கி விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். உடம்பில் தண்ணீரே இல்லை, சிறுநீரகம் இரண்டும் அடிபட்டிருக்கிறது, மேல்மாடி வார்டில் கிடக்கிறாள்.

டாக்டரின் மேசைமேல் அவள் புத்தகம் திறந்திருந்தது. என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? "நேத்து வரைக்கும் தொந்தரவு ஏதும் இல்லைன்னு இருக்கு, திடீர்னு எப்படி இப்படி ஆகும்?" என்று டாக்டர் இன்னொரு டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று அவள் வார்டில் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். நேற்றைய வரியை நான் இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதிவிட்டேன்.

மாத்திரை புட்டியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மேல்மாடிக்குப் போகவில்லை.

மார்ச் 20, வெள்ளி

மாத்திரை 6.00. பரு திரும்ப வந்திருக்கிறது. வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 21, சனி

வயிற்றுப்போக்கு என்று எழுதினால் பேரை அடிப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். எங்கள் தொழிலில் பத்திரத்தில் ஒரு வில்லங்கம் தெரிந்தால் பதிவு நின்றுவிடும். அதனால் தாளைச் சுத்தமாக வைத்துப் பழகிவிட்டேன். விற்பவனும் வாங்குபவனும் எப்படியோ போகட்டும், தாளில் அடித்தல் திருத்தல் கூடாது. அந்தப் புத்தியைக் கொண்டுபோய் ஒருத்தியின் வயிற்றில் காட்டியிருக்கிறேன்.

மங்கை கேட்டாள், "ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" பல் வலிக்கிறது என்றேன். அவளிடமே அதைச் சொல்லிவிட்டேன் பாருங்கள்.

மார்ச் 23, திங்கள்

போனேன். வார்டுக் கதவருகே கால்மணி நேரம் நின்றேன். கட்டிலில் பாதிகூட நிரம்பாமல் கிடந்தாள், கையில் டிரிப். டாக்டர் ஹேமலதா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா போச்சும்மா? சரியா சொல்லுங்க, அப்பத்தான் வைத்தியம் பண்ண முடியும்."

அஞ்சலாட்சி என்னைப் பார்த்துவிட்டாள். பார்த்துக்கொண்டே சொன்னாள். "வுழறதுக்கு முன்ன ரெண்டு நாளாத்தாம்மா. கல்யாண வூட்ல எதையோ துன்னுட்டேன்."

நான் சொல்லிக்கொடுத்ததை, பிழைப்போமா மாட்டோமா என்று கிடக்கும்போதும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"இல்ல டாக்டர். இருபது நாளைக்கு மேல. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்டதான் சொன்னாங்க. புத்தகத்தை எழுதினது நான்தான். இல்லைன்னு எழுதினேன். முன்கூட்டியே எழுதினேன்."

டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். "முதல் வாரமே தெரிஞ்சிருந்தா ஒரு மாத்திரை குடுத்து நிறுத்தியிருப்பேன். அளவைக் குறைச்சிருப்பேன். பேரையெல்லாம் யாரும் அடிக்க மாட்டாங்க. இதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் புத்தகமே குடுக்குறோம்."

அஞ்சலாட்சி தலையைத் தூக்கப் பார்த்தாள். "சொன்னா பேரு பூடும்னீங்களே சாரு?"

கேட்டதோடு சரி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வராந்தாவில் டாக்டர் என்னை நிறுத்தினார். "உங்க புத்தகமாவது சரியா சார்?"

"சரிதான்" என்றேன்.

மார்ச் 24, செவ்வாய்

சரிதான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் விஷயத்தைச் சொல்லும்போது நான் உதவப்போய்க் கெட்டவனாக நின்றேன். என் விஷயத்தைச் சொன்னால் வெறும் கெட்டவன். அதோடு, எனக்கும் மாத்திரை நின்றுவிடுமோ என்ற பயம். ஆவணிவரை இருக்க வேண்டும் எனக்கு.

ஏப்ரல் 2, வியாழன்

கட்டி மறுபடி சுருங்க ஆரம்பித்திருக்கிறது. மூன்று மில்லிமீட்டர். டாக்டர் மகிழ்ச்சியாகச் சொன்னார், நான் தரையைப் பார்த்தேன்.

அஞ்சலாட்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிறுநீரகம் பழைய நிலைக்கு வரவில்லை, இனி இந்த மாத்திரை அவளுக்குக் கொடுக்க முடியாதாம். நாற்பது பேரில் அவளுக்குத்தான் கட்டி அதிகமாகக் கரைந்திருந்தது, பாதிக்கும் கீழே போயிருந்தது. சிஸ்டர்தான் சொன்னார்.

இன்னொன்றும் இன்றுதான் தெரிந்தது. டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "உங்களுக்கு நடுவுல பரு மறைஞ்சு கட்டி நின்னுச்சில்ல, அதே மாதிரி இன்னும் ரெண்டு பேருக்கு ஆயிருக்கு. இனிமே சேர்றவங்களுக்கு அளவைக் கூட்டிக் குடுக்கலாமான்னு யோசிக்கிறோம்."

அளவைக் கூட்டினால் வயிறும் கூடப் போகும். அஞ்சலாட்சிக்கு ஆனது இன்னும் எத்தனை பேருக்கு ஆகும்? கேட்டுக்கொண்டு, புட்டியை வாங்கிக்கொண்டு, வந்துவிட்டேன். நான் எவ்வளவு பெரிய கோழை என்று எழுத ஒரு வரி போதும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

அந்தப் பதினொரு நாளும் போடாத மாத்திரைகளைத் தூக்கி எறிய மனம் வராமல் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். இன்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அஞ்சலாட்சியின் ஊருக்குப் போனேன். அவளுக்குக் கொடுத்துவிட்டால் பட்ட கடனில் கொஞ்சம் தீரும் என்று நினைத்தேன். சிறுநீரகம் கெட்டவளுக்கு அதைக் கொடுக்கலாமா என்று யோசித்தேனா? யோசித்தேன். யோசித்துவிட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கன்னம் மறுபடி உப்ப ஆரம்பித்திருந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முறத்தை நகர்த்தி உட்கார இடம் விட்டாள். கவரைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள்.

"இது ஏது சாரு? நமக்கு எண்ணித்தான குடுப்பாங்க?"

பஸ்ஸில் வரும்போது ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். வரவில்லை. பெண்ணுக்கு நிச்சயம் வைத்ததையும், சம்பந்தி வீட்டுக்கு நோயை மறைத்ததையும், முகம் தெளிய வேண்டும் என்று மாத்திரையை நிறுத்தியதையும் சொன்னேன். அவள் கீரையை விட்டுவிட்டுக் கேட்டாள். பிறகு மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பதினொண்ணு."

"ஆமாம்மா."

"மூஞ்சில பரு வந்துச்சின்னு வுட்டீங்க?"

தலையாட்டினேன்.

"வவுத்தால ரத்தமா போனப்பகூட நான் ஒருநாளு வுடல சாரு."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மாத்திரைகளைத் திரும்பக் கவரில் போட்டு, வாயை மடித்து, என் கையில் வைத்தாள்.

"டாக்டரம்மா கையில குடுத்துடுங்க. எனக்கு இது ஆவாதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே அவங்க சொல்றதத்தான் கேப்பேன்."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். பஸ் வரும்வரை ரோட்டோரம் நின்று அழுதேன், நாலு பேர் பார்த்தார்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

மாத்திரை 6.00. ஒன்பது மணிக்கு டாக்டருக்குப் போன் செய்தேன். கூடத்தில் நின்றுதான் பேசினேன். என் வாய்க்கு மெதுவாகப் பேசினால் எதிரில் இருப்பவருக்கு விளங்காது, உரக்கத்தான் பேச வேண்டும்.

"டாக்டர், என் புத்தகமும் பொய். நடுவுல மாத்திரை போடலை. அதனாலதான் பரு போச்சு, கட்டி நின்னுச்சு. எனக்கு அளவு பத்தாம இல்ல. அதை வெச்சு யாருக்கும் கூட்டிடாதீங்க."

எனக்கு இனி மாத்திரை கிடைக்குமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"எத்தனை நாள்?"

"பதினொண்ணு."

"ஏன் சார்?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு முகம் காட்ட வேண்டியிருந்தது."

மங்கை கற்றாழை மடலும் கையுமாக அடுக்களை வாசலில் வந்து நின்றாள். தேன்மொழி ஆபீசுக்குக் கிளம்பியவள் செருப்பை மாட்டாமல் நின்றாள்.

"தேதியைச் சொல்லுங்க சார், எழுதிக்கிறேன். ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"பிப்ரவரி இருபத்தாறு" என்று ஆரம்பித்தேன். இருபத்தேழு. இருபத்தெட்டு. மார்ச் ஒண்ணு. டாக்டர் ஒவ்வொரு தேதியையும் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார். ஏழாம் தேதி வந்தபோது தேன்மொழி, "அப்பா" என்றாள். அவளைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, மார்ச் எட்டு என்று சொன்னேன்.